கடல் கடந்து வரும் சப்பாத்துகளைத் தொழிற்சாலையிலேயே பரிசோதிப்பது எப்படி: கொழும்பின் புதிய இறக்குமதியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

புறக்கோட்டையில் முதன்முறையாகக் கொள்கலன் இறக்கும் ஒருவர், சுங்க வேலைகளை முடித்து, சரக்கை லொறியில் ஏற்றி, களஞ்சியத்துக்குக் கொண்டுவந்து, முதற் பெட்டியை உடைக்கும் போதுதான் தாம் வாங்கியது என்னவென்று கண்ணால் காண்கிறார். அந்த நேரத்தில் குறை தெரிந்தால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. உற்பத்தியாளருக்குரிய பணம் முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும். தீர்வையும் துறைமுகக் கட்டணங்களும் கட்டப்பட்டிருக்கும். திருப்பி அனுப்பினால் அதற்கான செலவு சரக்கின் பெறுமதியையே விழுங்கிவிடும். ஆகவே பரிசோதனை நடக்கவேண்டிய இடம் தொழிற்சாலை. நடக்கவேண்டிய நேரம், மீதிப் பணம் இன்னும் உங்கள் கையில் இருக்கும் நேரம். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்தவை.

நான் இதைப் பணம் கொடுத்தே கற்றேன். எனது முதற் கொள்கலனில் வந்தவை பெண்களுக்கான கறுப்புச் சப்பாத்துகள். பெட்டியைத் திறந்தபோது பளபளவென்று இருந்தன. விற்பனையும் வேகமாகவே நடந்தது. ஆறு வாரம் கழித்து மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு சில்லறை வியாபாரி, ஒரு பையைக் கவிழ்த்துப் பதினொரு சோடிகளை மேசையில் கொட்டினார். ஒன்றைக் கையில் எடுத்து முனையில் விரலை விட்டேன். வாழைப்பழத் தோல் உரிவது போலச் சோல் முழுவதும் உரிந்து வந்தது. உரிந்த இடத்தைப் பார்த்தால், பசை முழுவதும் சோலின் பக்கத்தில் மெல்லிய கண்ணாடித் தாள் போல ஒட்டியிருந்தது. மேற்பாகத்தின் பக்கத்தில் பசையின் சுவடே இல்லை, பளபளப்பான தோல் மட்டுமே. பசை தரமற்றது என்று நான் நினைத்தேன். உண்மையில் தவறு வேறிடத்தில் இருந்தது. பசை பூசுமுன் மேற்பாகத்தின் ஓரத்தை உராய்ந்து சொரசொரப்பாக்கும் வேலையைத் தொழிற்சாலை தவிர்த்திருந்தது. தயாரிப்பு நடக்கும்போது ஒருவர் அரை நாள் அங்கே நின்றிருந்தால் கண்டுபிடித்திருக்கக் கூடிய குறை அது.

எழுத்தில் இல்லாதது குறையாகாது

முதற்படி விவரக்குறிப்புத் தாள். வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படத்தையும் விலையையும் வைத்துக்கொண்டு ஓடர் கொடுத்தவர், பின்னர் எந்தக் குறையையும் குறை என்று நிறுவ முடியாது. “படத்தில் இருப்பதைத்தானே தந்தோம்” என்று உற்பத்தியாளர் சொன்னால் அதற்கு மறுமொழி இல்லை. எனவே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு தாள் எழுதுங்கள். மேற்பாகம் என்ன பொருள், இயற்கைத் தோலா செயற்கைத் தோலா துணியா, அதன் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர், உட்துணி எது, உள்ளட்டை எது, சோல் எந்தப் பொருளால் ஆனது, குதியின் உயரம் எவ்வளவு, தையலில் அங்குலத்துக்கு எத்தனை பொத்தல், ஒரு பாதத்தின் எடை எவ்வளவு, நிறம் எந்த மாதிரித் துண்டுடன் ஒத்திருக்கவேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். எடையை எழுதுவதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். சோல் பொருளில் மலிவான நிரப்பியைக் கலந்தாலும், உள்ளே வைக்கவேண்டிய தகட்டை விட்டுவிட்டாலும், முதலில் காட்டிக்கொடுப்பது சமையலறைத் தராசுதான்.

அளவு பற்றிய வரியைத் தனியாகக் கவனியுங்கள். ஐரோப்பிய இலக்கத்தில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 6.67 மில்லிமீற்றர், ஆங்கில இலக்கத்தில் அது அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.47 மில்லிமீற்றர். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை; பொருத்திக் காட்டும் அட்டவணைகளும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறுகின்றன. ஆகவே 38 என்று மட்டும் எழுதாமல், “பாதத்தின் நீளம் 240 மில்லிமீற்றர் உள்ளவருக்குரியது” என்று சேர்த்து எழுதுங்கள். சீனத் தொழிற்சாலைகளில் பாத நீளத்தை மில்லிமீற்றரில் சொல்லும் வழக்கம் ஏற்கனவே இருப்பதால் இதை உடனே புரிந்துகொள்வார்கள். அகலத்தையும் குறிப்பிடுங்கள். நான் கண்ட வரையில், சிறுவயது முதல் வெறுங்காலிலும் திறந்த செருப்பிலும் நடந்து பழகிய எம்மவரின் பாதம் விரல்களின் பக்கத்தில் அகன்றது. பிற சந்தைகளுக்காகச் செய்த ஒடுங்கிய கால் அச்சில் உருவான சப்பாத்து, நீளம் சரியாக இருந்தும் சிறுவிரலைக் கடிக்கும். தொழிற்சாலையார் லாஸ்ட் என்று சொல்லும் அந்தக் கால் அச்சின் இலக்கத்தைக் கேட்டு வாங்கித் தாளில் எழுதிவையுங்கள். மறு ஓடரில் அச்சு மாறியிருந்தால் தெரியவருவது அந்த இலக்கத்தால்தான்.

மாதிரி: மூன்று சோடிகள்

தாள் முடிந்ததும் மாதிரி. ஒன்றல்ல, மூன்று சோடி கேளுங்கள். ஒரு சோடியில் இரு தரப்பும் கையொப்பமிட்டு, பையிலிட்டு மூடி, உற்பத்தியாளரிடம் விடுங்கள். இன்னொன்று அவ்வாறே உங்களிடம் இருக்கட்டும். மூன்றாவதை அழித்துப் பாருங்கள். கத்தியால் நடுவே பிளந்தால், உள்ளட்டை காகிதமா நார்ப்பலகையா என்பதும், குதிச் சப்பாத்தாயின் நடுவில் உருக்குத் தகடு இருக்கிறதா என்பதும், குதியைத் தாங்கும் உட்கடினம் எவ்வளவு தடிப்பு என்பதும் தெரியும். வெட்டுவதற்கு முன், பாதத்தின் நீளம் ஒன்றாக உள்ள இருவர் அல்லது மூவரை அதே சோடியை அணிந்து கால்மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். அதன் பின், உச்சி வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு நாள் வைத்து எடுத்து, சோலின் முனையை விரலால் நெம்பிப் பாருங்கள். இது ஆய்வுகூடச் சோதனை அல்ல; ஆயினும் எங்கள் வெயிலில் பசை இளகுமா என்பதற்கு முதற் குறிப்பை இது தரும்.

மாதிரியைச் செய்பவர் வேறு, தொகையாகச் செய்பவர் வேறு என்பதையும் மறவாதீர்கள். மாதிரி அறையில் பத்து வருடம் அனுபவமுள்ள கைகள் இருக்கும். ஆகவே எல்லா அளவுகளிலும் ஒவ்வொரு சோடி, தயாரிப்பு வரிசையிலேயே செய்யப்பட்டதாக, தொகைத் தயாரிப்புக்கு முன் வரவேண்டும் என்று ஓடரில் எழுதுங்கள். நடு அளவில் அழகாக இருக்கும் வடிவம், சிறிய அளவில் பட்டி கணுக்கால் மொழியில் இடிப்பதும் பெரிய அளவில் குதி கழல்வதும் அப்போதுதான் தெரியும்.

எங்கே வாங்குகிறீர்கள் என்பது

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. சீனாவில் விளையாட்டுச் சப்பாத்துக்குப் புஜியான் மாகாணத்தின் ஜின்ஜியாங், தோற் சப்பாத்துக்கு ஜெஜியாங் மாகாணத்தின் வென்சோ, பெண்கள் செருப்புக்குக் குவாங்தொங் மாகாணத்தின் ஹுய்தொங் ஆகியன பெயர்பெற்றவை. இந்தியாவில் ஆக்ராவும் கான்பூரும், தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகியனவும் உள்ளன. ஆம்பூர்ப் பக்கம் வாங்குவதில் எங்களுக்கு ஒரு தனிப் பயன் இருக்கிறது: தயாரிப்பு வரிசையில் நிற்கும் மேற்பார்வையாளரோடு இடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசலாம். ஒருமுறை அங்கே, அழுத்தும் எந்திரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய சோடியை எடுத்துச் சோலை இழுக்கப் போனேன். மேற்பார்வையாளர் கையைப் பிடித்துக்கொண்டார். “இருபத்து நாலு மணி நேரம் ஆகட்டும் சார், அப்புறம் இழுத்துப் பாருங்க. இப்ப இழுத்தா எங்க வேலையக் கெடுத்த மாதிரி ஆயிடும்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பசை முழு வலுவை அடைய ஒரு நாளாவது வேண்டும். சூடாக இருக்கும்போது இழுத்து நல்ல சரக்கைக் கெட்டது என்று சொல்வதும் பரிசோதனைத் தவறே.

சீனத் தொழிற்சாலைகளிடம் வாங்குவோர் சீனப் புத்தாண்டை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். விடுமுறைக்கு முந்திய வாரங்களில் எல்லா ஓடர்களும் நெருக்கியடித்து முடிக்கப்படுகின்றன. விடுமுறைக்குப் பின் புதிய தொழிலாளர் பலர் வந்து சேர்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டுச் சந்தையைக் குறிவைத்து வாங்கும் எங்களுடைய சரக்கு பெரும்பாலும் அந்த இரண்டு காலங்களில் ஒன்றில்தான் அகப்படுகிறது. ஓடரை ஒரு மாதம் முன்தள்ளுவது பரிசோதனையைவிட மலிவான தரக் காப்பு.

பணத்தையும் பரிசோதனையையும் ஒரே முடிச்சில் கட்டுங்கள்

முப்பது வீதம் முற்பணம், மீதி எழுபது வீதம் கப்பலேறுமுன் என்பது பரவலான ஒழுங்கு. அந்த எழுபது வீதத்தை “இறுதிப் பரிசோதனையில் தேறிய பின்னரே” என்ற சொற்களோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தேறாவிட்டால் உற்பத்தியாளர் தமது செலவில் தரம்பிரித்துத் திருத்த வேண்டும். மறுபரிசோதனைக் கட்டணமும் அவருடையதே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வங்கியின் நாணயக் கடிதம் மூலம், அதாவது குறித்த ஆவணங்கள் சரியாக வந்தால் உற்பத்தியாளருக்கு வங்கியே பணம் கொடுக்கும் ஒழுங்கில், வாங்குவோரில் பலர், வங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை. நாணயக் கடிதங்களுக்கென 2007 முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 என்ற பன்னாட்டு விதிகளின் 5ஆம் உறுப்புரை, வங்கிகள் ஆவணங்களோடுதான் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன, ஆவணங்கள் குறிக்கும் சரக்கோடு அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. ஆவணம் சரியாக இருந்தால், பெட்டிக்குள் கிழிந்த செருப்பு இருந்தாலும் வங்கி பணம் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே, தேவையான ஆவணங்களின் பட்டியலில் நீங்கள் பெயர் குறிப்பிடும் பரிசோதனை நிறுவனம் வழங்கிய சான்றிதழையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். எஸ்.ஜி.எஸ்., பியூரோ வெரிட்டாஸ், இன்டர்டெக் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அவ்வூர்களிலேயே இயங்கும் சிறிய நிறுவனங்களும் உண்டு. கட்டணம் பொதுவாக ஒரு பரிசோதகரின் ஒரு நாள் என்ற கணக்கில் வரும். யாரை அமர்த்தினாலும் அவர் உங்களுக்குப் பொறுப்புக்கூறுபவராக இருக்கவேண்டும். உற்பத்தியாளருக்கும் உங்களுக்கும் நடுவில் தரகு வாங்கும் முகவரையே பரிசோதகராக வைப்பது, கணக்கு எழுதியவரையே கணக்காய்வும் செய்யச் சொல்வதாகும்.

தயாரிப்பின் நடுவில்

ஐந்தில் ஒரு பங்கு செய்து முடிந்த வேளையில் முதற் பரிசோதனை நடக்கட்டும். அப்போது கண்ட தவறை மீதி நான்கு பங்கில் தவிர்க்கலாம். பணம் மட்டுப்பட்டு இரண்டு முறை பரிசோதிக்க முடியாதவர்கள்கூட, புதிய தொழிற்சாலையாயின் இதை விடவேண்டாம் என்பதே எனது கருத்து.

இந்தக் கட்டத்தில் முடிந்த சப்பாத்தைவிடச் செய்முறையையே பார்க்கவேண்டும். தோல் வெட்டும் மேசையில், ஒரு சோடியின் இடமும் வலமும் ஒரே தோலிலிருந்து வெட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். இல்லையேல் ஒரு பாதம் கடுங்கபிலமும் மறுபாதம் இளங்கபிலமுமாக வரும். தைப்பவர்கள் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் ஒப்படைத்த பின்னரே புது ஊசி வாங்குகிறார்களா என்று கேளுங்கள். ஒட்டும் பகுதியில் அதிக நேரம் நில்லுங்கள். மேற்பாகத்தின் ஓரம் உராயப்படுகிறதா. பசை நன்றாகப் பிடிக்கவென்று முதலில் பூசும் பூர்வப்பூச்சு, சோலின் பொருளுக்கு ஏற்றதாகப் பூசப்படுகிறதா. பசை உலர விடப்படுகிறதா. ஒட்டுமுன் மீண்டும் சூடாக்கப்படுகிறதா. அழுத்தும் எந்திரத்தில் எத்தனை வினாடி இருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டடுப்பின் வெப்பநிலையும் அழுத்தும் நேரமும் ஒரு தாளில் எழுதி எந்திரத்தின் அருகில் தொங்கவேண்டும். தாளில் உள்ளதும் எந்திரம் காட்டுவதும் வேறுபட்டால், அன்றைய உற்பத்தியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

முதல் நாள் ஒட்டிய சோடிகளில் இரண்டைப் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. இடுக்கியால் முனையைக் கிளப்பி மெதுவாக இழுங்கள். தோலோ சோலோ கிழிந்து, நார் நாராகப் பிய்ந்து வந்தால் ஒட்டு நன்று; பொருளைவிட ஒட்டு வலுவாக இருக்கிறது என்பதே அதன் பொருள். இரண்டு பக்கத்திலும் பசை நூல்போல இழுபட்டு நின்றால், பசை உலரவில்லை அல்லது வெப்பம் போதவில்லை. நான் முன்னே சொன்னது போல ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் பசைப் படலம் முழுமையாகவும் வந்தால், வழுவழுப்பான பக்கத்தின் தயாரிப்பில்தான் பிழை. இதை எந்திரத்தால் அளந்து சொல்வதும் உண்டு: பாதுகாப்புச் சப்பாத்துகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20345 நியமம், ஒட்டின் வலு அகலத்தின் ஒரு மில்லிமீற்றருக்கு 4 நியூட்டனுக்குக் குறையக்கூடாது என்றும், சோலின் பொருளே கிழியுமாயின் 3 நியூட்டன் போதும் என்றும் கேட்கிறது. நகரத்தில் அணியும் சாதாரணச் சப்பாத்துக்கு அந்த அளவு கட்டாயம் அல்லவாயினும், பேரம் பேசும்போது கையில் ஓர் இலக்கம் இருப்பது உதவும்.

இறுதிப் பரிசோதனை

முழுத்தொகையும் செய்து முடிந்து, குறைந்தது எண்பது வீதம் பெட்டியில் அடைக்கப்பட்ட பின்னரே இறுதிப் பரிசோதனை நடக்கவேண்டும். அதற்கு முன் வரச்சொன்னால் மறுத்துவிடுங்கள். பார்க்காத மீதியில்தான் குறை ஒளிந்திருக்கும்.

எல்லாச் சோடிகளையும் பார்ப்பது இயலாது. எத்தனை சோடி பார்ப்பது, எத்தனை குறை வரை பொறுப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 2859-1 நியமத்தின் அட்டவணையை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். வழக்கில் இதை ஏ.கியூ.எல்., அதாவது ஏற்கத்தக்க தர எல்லை, என்று சொல்வார்கள். அந்த அட்டவணையில் வழமையாகப் பயன்படும் பரிசோதனை நிலையான பொதுநிலை இரண்டின்படி, 501 முதல் 1,200 வரையான தொகைக்கு 80 சோடி, 1,201 முதல் 3,200 வரை 125 சோடி, 3,201 முதல் 10,000 வரை 200 சோடி எடுக்கவேண்டும். பெரிய குறைகளுக்கு 2.5 என்றும் சிறிய குறைகளுக்கு 4.0 என்றும் எல்லை வைப்பது வழக்கம். அதன்படி 125 சோடியில் பெரிய குறை 7 வரை ஏற்கலாம், எட்டாவது வந்தால் முழுத்தொகையும் தேறாது. சிறிய குறை 10 வரை ஏற்கலாம், 11 வந்தால் தேறாது. ஆபத்தான குறை ஒன்றுகூட இருக்கக்கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. 36 முதல் 41 வரை ஆறு அளவுகளில், பெட்டிக்கு 1, 2, 3, 3, 2, 1 என்ற கலவையில் 12 சோடியாக, 200 பெட்டிகளில் 2,400 சோடி வாங்கியிருக்கிறீர்கள். பெட்டிகளின் தொகைக்கு வர்க்கமூலம் எடுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் 15. அந்தப் பதினைந்து பெட்டிகளை நீங்கள் அல்லது உங்கள் பரிசோதகரே சுட்டிக்காட்டவேண்டும். கதவருகே தயாராக அடுக்கி வைத்திருப்பவற்றைத் தொடாமல், சுவரோரத்து அடுக்கின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் இழுத்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் எட்டு அல்லது ஒன்பது சோடி, எல்லா அளவுகளும் வரும்படி எடுத்தால் 125 வரும். அதற்கு முன் மொத்தப் பெட்டிகளை எண்ணிப் பொதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

குறைகளை எந்த வகையில் சேர்ப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். தொழிற்சாலையில் நின்று வாதாடும் நேரத்தில் அல்ல. ஊசித் துண்டு, உள்ளே நீட்டிய ஆணி, கூரான உலோக விளிம்பு, பூஞ்சணம், பூச்சி, சிறுவர் சப்பாத்தில் இலகுவாகக் கழன்று வாய்க்குள் போகக்கூடிய மணி ஆகியவை ஆபத்தானவை. ஒட்டில் இடைவெளி, அறுந்த தையல், சோடி மாறியிருத்தல், அளவு பிழை, இடத்துக்கும் வலத்துக்கும் நிற வேறுபாடு ஆகியவை பெரியவை. வெட்டாத நூல், துடைத்தால் போகும் பசைக் கறை ஆகியவை சிறியவை. இரண்டு இடப் பாதங்கள் ஒரே பெட்டியில் இருப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆகவே பெட்டியின் மேல் உள்ள அளவு, சப்பாத்தின் நாக்கில் உள்ள அளவு, சோலில் பதித்த அளவு மூன்றும் இரு பாதங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு சோடியிலும் பார்க்கவேண்டும்.

பிறகு கையாலும் கண்ணாலும் செய்யும் வேலை. சோடியை ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள்: இரண்டு குதிகளின் மேல் விளிம்பும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, ஏதேனும் ஒரு பாதம் ஆடுகிறதா? இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வித்தியாசத்தை நான் பெரிய குறையாகவே எழுதுகிறேன். கடையில் வாடிக்கையாளரின் கண் அதைத் தவறாமல் பிடித்துவிடும். சோலும் மேற்பாகமும் சந்திக்கும் வரியில் ஒரு முகவரி அட்டையின் மூலையை ஓடவிடுங்கள்; எங்காவது நுழைந்தால் அங்கே ஒட்டு இல்லை. முன்பாகத்தை முப்பது தடவை மடித்து, மடிப்பில் வெடிப்பு வருகிறதா என்று பாருங்கள். கையை உள்ளே விட்டு விரல் நுனியால் முழுவதும் தடவுங்கள். ஆணியையும் பசைக் கட்டியையும் கண்ணைவிட விரல் முன்னே அறியும். வெள்ளைத் துணியை உலர்வாகவும், பின் நனைத்தும் மேற்பாகத்திலும் உட்துணியிலும் தேயுங்கள். மழைக்காலத்தில் பிள்ளையின் வெள்ளைக் காலுறையில் சாயம் ஏறினால், தாய்மார் அந்தக் கடையின் பக்கம் மறுபடி வரமாட்டார்கள். பாடசாலைச் சப்பாத்து வாங்குவோர் இதில் சற்றும் விட்டுக்கொடுக்கலாகாது. நிறத்தை மின்குமிழின் கீழ் அன்றி யன்னலோரப் பகல் ஒளியிலேயே, கையொப்பமிட்ட மாதிரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பெட்டியையும் சோதிக்கவேண்டும். ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்துத் தடவை விழவைக்கும் முறை வழக்கில் உள்ளது. ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோகிராமுக்கு உட்பட்ட பெட்டிக்கு உயரம் 76 சென்ரிமீற்றர். அதற்கு மேல் பதினெட்டரைக் கிலோகிராம் வரை 61 சென்ரிமீற்றர். பெட்டி கிழிந்து உள்பெட்டிகள் நசுங்கினால் அட்டையின் தரத்தை மாற்றச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாதவை

சில குறைகளை ஆய்வுகூடம் மட்டுமே சொல்லும். எங்கள் ஊருக்கு மிக முக்கியமானது பொலியூரித்தேன் சோல். பஞ்சுபோல இலேசாக இருப்பதால் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் பொலியெஸ்டர் வகைப் பொலியூரித்தேனின் மூலக்கூறு இணைப்புகளை நீராவி மெல்ல மெல்ல அறுத்துவிடும். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் இது விரைவாக நடக்கும். அணியாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தாலும், சில வருடங்களில் சோல் ஈரக் களிமண் போல உதிர்ந்துவிடும். கலியாணத்துக்கு வாங்கி அலுமாரியில் வைத்த சப்பாத்தை, அடுத்த கலியாணத்துக்கு அணிந்துபோய் மண்டப வாசலில் சோலை இழந்தவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். இவ்வகைச் சோலை வாங்குவதாயின், 70 பாகை செல்சியசில், ஈரம் நிறைந்த காற்றில் 7 நாள் வைத்து எடுத்து, அதன் பின் மடித்துப் பார்க்கும் சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். பொலியீதர் வகை இந்த ஈரத்தை நன்றாகத் தாங்கும். விலை சற்றுக் கூடினாலும் கொழும்புக்கு அதுவே ஏற்றது.

தோற் பொருளாயின் குரோமியம் ஆறு என்ற நச்சு வடிவத்தின் அளவையும் கேட்கலாம். தோலில் படும் தோற்பொருட்களில் ஒரு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் என்ற எல்லையை ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. பூஞ்சணத்தைத் தடுக்கவென்று பெட்டிக்குள் போடும் சிறு பைகளில் என்ன இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். டைமெதில் ஃபியூமரேட் என்ற இரசாயனம் அணிபவரின் தோலை வெந்தது போலச் சிவக்கச் செய்ததால் 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது. சிலிக்கா ஜெல் மட்டுமே இருக்கவேண்டும் என்று தாளில் எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டில் வாங்குவோர் சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை நாடலாம். இங்கே எந்தப் பொருளுக்கு எந்த நியமம் உண்டு என்பதை இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தில் ஓடருக்கு முன்பே கேட்டறிவது நன்று.

ஏற்றும் நாளும் இறக்கும் நாளும்

கொள்கலனுக்குள் ஒருவர் நுழைந்து, கதவை மூடச் சொல்லி, இருட்டில் எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். வெளிச்சம் நுழையும் ஓட்டையில் கடல்நீரும் நுழையும். மரத் தளம் ஈரமாக இருந்தால் வேறு கொள்கலன் கேளுங்கள். பகலில் சூடேறிய உட்காற்றின் ஈரம், இரவில் குளிர்ந்த உருக்குக் கூரையில் பட்டுத் துளியாகிப் பெட்டிகள் மேல் சொட்டுவதால், ஓட்டை இல்லாத கொள்கலனிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டுப் பைகளைத் தொங்கவிடுவதும், மேல் அடுக்கைத் தடித்த காகிதத்தால் மூடுவதும் அதற்கான காப்பு. மழை பெய்யும் நேரத்தில் ஏற்றக்கூடாது. பரிசோதித்த பெட்டிகளில் பரிசோதகர் இட்ட முத்திரை ஏற்றும்போதும் இருக்கிறதா என்று பார்த்து, கதவின் முத்திரை இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கொழும்பில் அந்த இலக்கம் ஒத்துப்போகிறதா என்பதே முதல் வேலை. மாறியிருந்தால் திறக்குமுன் படமெடுத்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் சுங்க முகவருக்கும் உடனே அறிவியுங்கள். களஞ்சியத்தில் சரக்கை நேரே நிலத்தில் வைக்காமல் மரத்தட்டுகளின் மேல், சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி மழையில் புறக்கோட்டைச் சுவர்கள் வியர்ப்பதை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லத் தேவையில்லை. வந்த வாரத்திலேயே இருபது பெட்டிகளையாவது பிரித்து, கையொப்பமிட்ட மாதிரியோடு ஒப்பிட்டு, குறை கண்டால் படத்தோடும் பெட்டி இலக்கத்தோடும் உற்பத்தியாளருக்கு எழுதுங்கள். மாதக்கணக்கில் தாமதித்த முறைப்பாட்டை எவரும் மதிப்பதில்லை. ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் உற்பத்தி மாதத்தைத் தடித்த பேனையால் எழுதி, பொலியூரித்தேன் சோல் உள்ளவற்றை முதலில் விற்றுவிடுங்கள். கடைகளிலிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு வரி எழுதும் கொப்பி ஒன்றையும் திறந்துவையுங்கள்: எந்த வடிவம், எந்த அளவு, எங்கே விட்டுப்போனது, எத்தனை நாளில் என்று. அடுத்த ஓடருக்கான விவரக்குறிப்புத் தாளை எழுத உட்காரும்போது, மேசையில் முதலில் விரிக்கவேண்டியது அந்தக் கொப்பி.